சமதளம்தானே என்று நினைப்பவர்களுக்கு: ஆற்றோரத் தார்ப் பாதையில் நெடுநடை
வாசகர் கேள்வி – பதில்

ஆற்றை ஒட்டிப் பல பத்து கிலோமீட்டர் தூரத்துக்குத் தாரோ கான்கிரீட்டோ போட்டு, மோட்டார் வாகனங்களை விலக்கி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் வருபவர்களுக்கும் விடப்பட்ட பசுமை வழிகளில் நாள்கணக்கில் நடப்பது பற்றிக் கேள்விகள் நிறைய வந்திருந்தன. அவற்றில் சில இங்கே.

மலைப் பாதையில் ஒரே நாளில் 18 கிலோமீட்டர் நடந்து பழகியவன் நான். ஆற்றோரப் பாதையில் ஏற்றமே இல்லை. தினம் 30 கிலோமீட்டர் என்று திட்டம் போடலாமா?

முதல் இரண்டு நாளுக்கு வேண்டாம். மலையில் முதலில் திணறுவது மூச்சு. இங்கே மூச்சு சீராகவே இருக்கும், பாதம்தான் முதலில் மக்கர் செய்யும். மலைப் பாதையில் கல், வேர், ஏற்றம், இறக்கம் என்று ஒவ்வோர் அடியும் வேறு மாதிரி விழுவதால் சுமை பல தசைகளுக்குப் பிரிந்துவிடுகிறது. தார்ப் பாதையில் அந்தப் பங்கீடு கிடையாது. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,300 காலடி என்று வைத்தால் 30 கிலோமீட்டருக்கு 39,000 காலடி. அத்தனையும் அதே கோணத்தில், குதிகாலின் அதே ஓரத்தில் இறங்குகின்றன.

முதல் நாள் 18 முதல் 20, இரண்டாம் நாள் அதைவிடக் கொஞ்சம் குறைவு, மூன்றாம் நாள் கால் என்ன சொல்கிறது என்று பார்த்துக் கூட்டுவது. இதுவே நம்பகமான கணக்கு. மூன்றாம் நாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் பத்து அடி வலித்தால் அன்றைக்குத் தூரத்தைக் குறைத்துவிடுங்கள். நேரக் கணக்கிலும் ஏமாறாதீர்கள். சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் எளிதாக வரும். ஆனால் மணிக்குப் பத்து நிமிடம் நிற்பதைச் சேர்த்தால் 4.2தான். 20 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும்.

பயிற்சிக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஒதுக்குங்கள். வாரத் தூரத்தை ஒரேயடியாக ஏற்றாமல் பத்தில் ஒரு பங்கு வீதம் கூட்டினால் போதும். ஒரே ஒரு நாள் 25 கிலோமீட்டர் நடப்பதைவிட, அடுத்தடுத்த இரண்டு நாள் 15, 15 என்று நடப்பது இந்தப் பாதைக்கு நல்ல பயிற்சி. களைத்த காலோடு எழுந்து மறுபடி நடக்கப் பழகுவதுதான் இதில் முக்கியம். அந்தப் பயிற்சியும் தாரிலோ கான்கிரீட்டிலோ இருக்கட்டும். டிரெட்மில்லும் பூங்கா மண்ணும் இதற்கு ஈடாகாது.

ஹைக்கிங் பூட் கைவசம் இருக்கிறது. அதையே போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். பூட்டின் கடினமான அடியும் கணுக்கால் பிடிப்பும் கல்லுக்கும் சேற்றுக்கும் ஏற்பட்டவை. தாரில் அவை சும்மா எடைதான், வெப்பத்தையும் உள்ளே பிடித்து வைக்கும். ஆழமான பற்கள் கொண்ட அடிப்பாகம் தாரில் உராய்ந்து சீக்கிரம் தேயும். மெத்தை நன்றாக உள்ள ரன்னிங் ஷூ போதும். வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக வாங்குங்கள். நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். மதியத்துக்குமேல் பாதம் வீங்கும் என்பதால் அளவு பார்ப்பதையும் மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். புது ஷூவோடு கிளம்பக் கூடாது என்பது தெரிந்ததே. 600, 700 கிலோமீட்டர் ஓடிய பழைய ஷூவும் கூடாது. மேல்பாகம் புதிதுபோல இருந்தாலும் உள்ளே இருக்கும் நுரை செத்திருக்கும்.

பாதை முழுக்க வலது ஓரமாகவே நடந்தேன். இரண்டாம் நாள் ஒரு முழங்காலின் வெளிப்பக்கம் மட்டும் வலிக்க ஆரம்பித்தது. மறு முழங்கால் நன்றாக இருக்கிறது. ஏன்?

பாதை தட்டையாகத் தெரிந்தாலும் தட்டை இல்லை. மழைநீர் வடிவதற்காகக் குறுக்குவாக்கில் 1 முதல் 2 சதவீதம் வரை சரித்தே போடுவார்கள். பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரியும். ஒரே ஓரமாக நாள் முழுக்க நடந்தால் ஒரு கால் எப்போதும் சற்றுத் தாழ்ந்த இடத்தில் விழுகிறது. சில மில்லிமீட்டர் வித்தியாசம்தான். ஆனால் ஆயிரக்கணக்கான அடிக்குப் பிறகு, இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக முழங்கால் வரை இறங்கும் தசைநார்ப் பட்டை அதற்குப் பதில் சொல்லும். வெளிப்பக்க வலிக்கு அடிக்கடி காரணமாவது அதுதான்.

நடக்க வேண்டிய பக்கத்தை விதி தீர்மானிக்கிறது, அதை மீற முடியாது. ஆனால் தாருக்கு வெளியே புல்லோ சரளையோ போட்ட ஓரம் இருந்தால் மணிக்கு ஒருமுறை பத்து, பதினைந்து நிமிடம் அதில் நடங்கள். அடி மாறுவதே மருந்து. வலி தொடங்கியதும் எட்டி வைக்கும் தூரத்தைக் குறைத்து, அடிகளை நெருக்கமாக வையுங்கள். பையை ஒற்றைத் தோளில் தொங்கவிட்டிருந்தால் இரண்டு தோளுக்கும் மாற்றுங்கள். ஷூவைத் திருப்பிக் குதிகால் தேய்மானத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கரைந்திருந்தால் குற்றவாளி பாதை மட்டுமல்ல. முழங்கால் வீங்கினாலோ மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ, நடையை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

விலை கூடிய சாக்ஸ்தான் போட்டேன். அப்படியும் கொப்புளம் வந்துவிட்டது. என்ன தவறு?

சாக்ஸின் விலை கொப்புளத்துக்குத் தெரியாது. அடி விழும்போது உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது, மேல்தோலோ ஈரமான சாக்ஸோடு ஒட்டி நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே தோலின் அடுக்குகள் இழுபட்டுக் கிழிந்து, அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. ஈரம், சூடு, ஒரே மாதிரியான அடி மூன்றும் சேரும் இடம் தார்ப் பாதை.

கொப்புளம் வருவதற்குமுன் அந்த இடத்தில் சுள்ளென்று சூடு தெரியும். நடை கெடுவதெல்லாம் "அடுத்த பெஞ்சில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் அந்த இருபது நிமிடத்தில்தான். உடனே நின்று ஷூவைக் கழற்றுங்கள். மணல் துகள் இருந்தால் தட்டிவிட்டு, தோலை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு துணி டேப்பை முனைகளை வட்டமாக வெட்டி, சூடு தெரிந்த இடத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் வருமாறு, சுருக்கம் விழாமல் ஒட்டுங்கள். முனை கூராக இருந்தால் சாக்ஸ் அதைப் பிடித்து உரித்துவிடும். ஈரத் தோலில் டேப் நிற்காது. அதனால் காயவிடும் மூன்று நிமிடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வந்தே விட்டால்? சின்னதாக, வலியில்லாமல் இருந்தால் உடைக்காதீர்கள். பெரிதாகி நடக்க விடவில்லை என்றால் கையையும் இடத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, கிருமிநாசினியில் துடைத்த ஊசியால் ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் குத்தி நீரை அழுத்தி எடுங்கள். மேல்தோலைப் பிய்க்கக் கூடாது, உள்ளிருக்கும் புதுத் தோலுக்கு அதுதான் கூரை. அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லி, ஒட்டாத பஞ்சுத் துண்டு, பிறகு டேப். நேராக டேப்பை ஒட்டினால் மாலையில் கழற்றும்போது கூரையும் கூடவே வந்துவிடும். நீரிழிவு உள்ளவர்கள் இந்த ஊசி வேலையைத் தாமே செய்ய வேண்டாம்.

தடுக்க வேண்டுமானால்: பருத்தி சாக்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அது வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை சாக்ஸ் இரண்டு ஜோடி போதும். பாதித் தூரத்தில் பத்து நிமிடம் வெறுங்காலைக் காற்றாட வைத்து, ஜோடியை மாற்றி, ஈர ஜோடியைப் பைக்கு வெளியே தொங்கவிடுங்கள். நகத்தைக் கிளம்புவதற்கு மூன்று நான்கு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். முந்தைய இரவு வெட்டிய நகத்தின் கூர்முனை பக்கத்து விரலை அறுக்கும்.

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முன்பக்கம் எரிகிறது. எலும்பு முறிவாக இருக்குமோ?

பெரும்பாலும் தசைதான். வேகமாக நடக்க வேண்டும் என்று எட்டி எட்டிக் குதிகாலை ஊன்றும்போது, பாதம் தரையில் அறையாமல் மெல்ல இறக்கிவிடுவது அந்த முன்பக்கத் தசையின் வேலை. எட்டு நீளமானால் அதன் வேலை கூடுகிறது. எட்டைக் குறைத்து, ஷூ நாடாவின் மேல் இரண்டு வரியைத் தளர்த்தி, அரை மணி பாருங்கள். எரிச்சல் பரவலாக இருந்து இப்படி அடங்கினால் தொடரலாம். ஒரே ஒரு விரலால் "இங்கேதான்" என்று எலும்பின்மேல் தொட்டுக் காட்டக்கூடிய வலி, இரவில் படுத்திருக்கும்போதும் இருக்கும் வலி, நாளுக்கு நாள் சீக்கிரமே தொடங்கும் வலி ஆகியவை வேறு கதை. எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். அன்றோடு நடையை நிறுத்திப் பரிசோதனைக்குப் போங்கள்.

ஆற்றோடு கீழ்நோக்கி நடப்பதா, எதிர்த்து மேல்நோக்கி நடப்பதா?

நீண்ட ஆறுகளின் சமவெளிப் பகுதியில் சரிவு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகத்தான் இருக்கும். காலுக்கு அது தெரியவே தெரியாது. முகத்தில் அடிக்கும் காற்றும் கண்ணில் விழும் வெயிலும் தெரியும். பிரான்ஸில் லுவார் ஆறு மேற்கே அட்லாண்டிக்கை நோக்கி ஓடுகிறது, அங்கே அதிகம் வீசுவது மேற்குக் காற்று. அதனால் கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து வருபவர்களுக்குத்தான் காற்று முதுகைத் தள்ளுகிறது. மலைகளுக்கு நடுவே ஓடும் ஆறாக இருந்தால், வெயில் ஏறிய பிறகு பள்ளத்தாக்குக் காற்று மேல்நோக்கி வீசும். கீழ்நோக்கி நடப்பவர்கள் தூரத்தைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

இதைவிட முக்கியம், பேருந்தோ ரயிலோ எந்த முனையில் அடிக்கடி கிடைக்கிறது என்பது. போக்குவரத்து அரிதான முனைக்கு முதல் நாளே வண்டியில் போய்விட்டு, வசதியான முனையை நோக்கி நடந்து வாருங்கள். மாலையில் கடைசி வண்டியைப் பிடிக்க ஓட வேண்டியிருக்காது.

வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் இடையே 20 கிலோமீட்டர். நடந்தபோது 30ஐத் தாண்டியது. கிலோமீட்டர் பலகைகளும் வேறு ஏதோ எண்ணைக் காட்டின. யார் சொல்வது சரி?

மூன்றும் சரி, அளப்பது வேறு வேறு. நேர்கோட்டுத் தூரத்தைப்போல ஒன்றரை மடங்குக்குமேல் வளைந்து ஓடினால்தான் ஓர் ஆற்றை நெளிந்தோடும் ஆறு என்றே வகைப்படுத்துகிறார்கள். அப்படிப்பட்ட ஆற்றங்கரையில் 20 என்பது 30 ஆவதில் வியப்பில்லை. தூரத்தைப் பாதையின் கோட்டின்மேலேயே அளந்து திட்டமிடுங்கள். பாதை ஆற்றை விட்டு விலகிச் சாலைக்குள் நுழையும் இடங்களையும், பாலம் ஏறி மறுகரைக்கு மாறும் இடங்களையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். வழி தவறுவது பெரும்பாலும் அங்கேதான்.

பலகை விஷயம்: படகுப் போக்குவரத்துள்ள ஆறுகளில் கரையோரம் நிற்கும் எண்கள் படகோட்டிகளுக்கானவை, பாதைக்குரியவை அல்ல. ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றில் அந்த எண் கடல் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி ஏறுகிறது. ரைனில் தலைகீழ், கான்ஸ்டன்ஸ் நகரத்துப் பாலத்தில் பூஜ்யமாகத் தொடங்கிக் கீழ்நோக்கி ஏறுகிறது. பாதைக்கு என்று தனிக் கற்கள் இருந்தால் அவற்றை மட்டும் நம்புங்கள். அவசரத்துக்கு உதவி கூப்பிடும்போது மட்டும் எந்தப் பலகையானாலும் நல்லது: எண், அது பாதையின் கல்லா ஆற்றின் பலகையா, எந்தக் கரை, இந்த மூன்றையும் சொல்லுங்கள். இடக்கரை, வலக்கரை என்பது ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்று சொல்வது. நீங்கள் நடக்கும் திசையை வைத்துச் சொன்னால் ஆம்புலன்ஸ் எதிர்க்கரையில் வந்து நிற்கக்கூடும்.

மழை நின்று ஒரு நாள் ஆகிவிட்டது, வெயிலும் அடிக்கிறது. ஆனால் பாதையில் தடுப்பு வைத்திருக்கிறார்கள். ஏறிக் குதித்துப் போகலாமா?

கூடாது. இந்தப் பாதைகள் பெரும்பாலும் வெள்ளச் சமவெளியில் போடப்பட்டவை. கட்டடம் கட்ட முடியாத நிலம் என்பதால்தான் அது பாதைக்குக் கிடைத்தது. மூழ்கும் என்று தெரிந்தே போடுகிறார்கள். சாலைப் பாலத்துக்கு அடியில் புகுந்து போகும் கீழ்ப்பாதைதான் முதலில் மூழ்கும், கடைசியில் வடியும்.

உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிப்பது ஆற்றுக்குச் சம்பந்தமில்லாத செய்தி. மேலே நூறு கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழையின் உச்ச வெள்ளம் மணிக்கணக்கிலோ, பெரிய ஆறானால் நாள்கணக்கிலோ கழித்துத்தான் உங்களிடம் வந்து சேரும். நீர்மட்ட அளவை நிலையங்களின் எண்களை ஆன்லைனில் வெளியிடும் இடங்களில், உங்கள் ஊர் நிலையத்தை அல்ல, அதற்கு மேலே உள்ள நிலையத்தைப் பாருங்கள். அங்கே ஏறிக்கொண்டிருந்தால் இங்கே இன்னும் வரவில்லை என்று பொருள். மேலே அணை இருந்தால் மழையே இல்லாமலும் மட்டம் சட்டென்று உயரும். சங்கொலி கேட்டால் ஆற்றிலிருந்து விலகி மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

பாதையில் ஓடும் நீர் கணுக்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள். வேகமாக ஓடும் 15 சென்டிமீட்டர் நீர் பெரியவரையே சாய்த்துவிடும். நீர் கலங்கியிருந்தால் அடியில் தார் இருக்கிறதா, அரித்துப் போயிருக்கிறதா என்பதும் தெரியாது.

வடிந்த பிறகும் இரண்டு ஆபத்து பாக்கி. ஒன்று வண்டல். சில மில்லிமீட்டர் தடிமனில் படியும் மென்களிமண், மேலே காய்ந்து வெளுத்துத் தெரிந்தாலும் அடியில் ஈரமாக இருக்கும், காலை வைத்ததும் வழுக்கும். மற்றொன்று தாருக்கு அடியில் இருக்கும் ஜல்லியை நீர் அரித்துவிட்டுப் போவது. மேலே தார் அப்படியே நிற்கும், கீழே வெற்றிடம். ஆற்றுப் பக்க ஓரத்தில், ஆற்றுக்கு இணையாக நீளவாக்கில் புது விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் கரை சரியத் தொடங்கியிருக்கிறது. அந்த இடத்தில் பாதையின் உட்புறமாக நடந்து கடக்கலாம் என்ற யோசனைகூட வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

சைக்கிள்காரர்களின் மணிச் சத்தம் கேட்டதும் எந்தப் பக்கம் ஒதுங்குவது?

எந்தப் பக்கமும் ஒதுங்காதீர்கள். மணிக்கு 25 கிலோமீட்டரில் வரும் சைக்கிள் ஒரு நொடியில் 7 மீட்டர் வந்துவிடுகிறது. அவர் உங்களைத் தாண்ட ஒரு பக்கத்தைத் தேர்ந்துவிட்டார். நீங்கள் பதறித் துள்ளுவது அந்தப் பக்கமாகவே போய்விடும். அந்த நாட்டு விதிப்படியான ஓரத்தில் நேர்கோட்டில் நடந்துகொண்டே இருங்கள், வேண்டுமானால் கையை லேசாக உயர்த்தித் தெரிந்ததாகக் காட்டுங்கள். பக்கம் மாறும்முன் தோளுக்குமேல் திரும்பிப் பாருங்கள். நிற்பது, ஷூ கட்டுவது, படம் எடுப்பது எல்லாம் தாருக்கு வெளியே. காதில் ஒரு பக்கம் மட்டும் இயர்போன் போதும், மின்சார சைக்கிள்கள் சத்தமில்லாமல் வரும். மூன்று பேர் பக்கம் பக்கமாக வரிசை கட்டி நடப்பதுதான் இந்தப் பாதைகளில் அதிகச் சண்டைக்குக் காரணம். சைக்கிள்காரர்கள் பக்கமும் தவறு உண்டு, மணியே அடிக்காதவர்கள் ஏராளம். அவர்களுக்கான பதிலை இன்னோர் இதழில் வைத்துக்கொள்வோம்.

பக்கத்திலேயே ஆறு. வடிகட்டி இருக்கிறது. தண்ணீர் சுமக்க வேண்டுமா?

சுமக்க வேண்டும். 0.1 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு) துளையுள்ள வடிகட்டி பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் பிடிக்கும். வைரஸும் கரைந்த ரசாயனமும் அதன் வழியே தாராளமாகப் போகும். நகரத்தையும் வயலையும் தாண்டி வரும் ஆற்றில் கழிவுநீரும் பூச்சிமருந்தும் கலந்திருக்கலாம். வெயில் காலத்தில் கரையோரம் பச்சை பெயிண்ட் கொட்டியதுபோலப் படலம் மிதந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது, காலைக்கூட நனைக்காதீர்கள்.

மிதமான வானிலையில் மணிக்கு அரை லிட்டர், வெயிலில் முக்கால் லிட்டர் என்று கணக்குப் போட்டு, குழாய் உள்ள இடங்களுக்கு இடையே பிரித்துச் சுமங்கள். வெறும் தண்ணீரை மட்டும் மேலும் மேலும் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். உப்புள்ள ஏதாவது ஒன்றைக் கூடவே சாப்பிடுங்கள். ஆறு என்றால் நிழல் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். வெள்ளத் தடுப்புக் கரையின்மேல் போகும் பாதையில் பெரும்பாலும் மரம் இருக்காது. வேர் கரையைத் துளைத்துவிடும் என்று வளரவே விடுவதில்லை. அந்தப் பகுதியை வரைபடத்தில் கண்டுபிடித்துக் காலையில் கடந்துவிடுங்கள்.

நடைக்கோல் பயன்படுமா?

பயன்படும், முனையில் ரப்பர் குமிழ் மாட்டினால். வெறும் உலோக முனை தாரில் பிடிக்காமல் நழுவும், டக் டக் என்ற சத்தம் கூட வருபவரையும் விரட்டிவிடும். ரப்பர் தேயும் என்பதால் கூடுதலாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். கோலை உடம்புக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு நடக்க வேண்டாம், சைக்கிள் சக்கரத்துக்குள் போகும்.

நாயைக் கூட்டிப் போகலாமா?

அனுமதி உள்ள பாதையானால் போகலாம், குட்டையான கயிற்றில். நீட்டி இழுக்கும் கயிறு பாதைக்குக் குறுக்கே விழுந்தால் சைக்கிள் கவிழும். புறங்கையைத் தாரில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாத சூட்டில் அதன் பாதம் வெந்துவிடும். வெயில் நாளில் தார், காற்றைவிட இருபது டிகிரிக்குமேல் சூடாக இருப்பது சாதாரணம். புல் ஓரத்தில் நடத்தினால் பாதம் தப்பிக்கும், ஆனால் உண்ணி ஏறும். மாலையில் அதன் காது மடல், கக்கம், விரலிடுக்கு, உங்கள் முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டை எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, சூடு வைப்பது எல்லாம் உண்ணியைக் கூடுதல் நேரம் உள்ளே வைத்திருக்கும் வேலைகள்.